பந்தின் மேல் இருந்த எழுத்து

நாலு எழுத்தா, ஐந்தா, அப்புறம் ஒரு எண், ஏழில் ஆரம்பித்ததோ ஒன்றில் ஆரம்பித்ததோ... எத்தனை தடவை கண்ணை மூடினாலும் அது வரமாட்டேன் என்கிறது, தாலுகா ஆபீஸ் வராந்தாவை நாலு முறை அளந்துவிட்டேன், என் மனைவி பூவாயிதான் பெஞ்சில் இருந்தபடி, “ஏங்க, ஏன் இப்பிடி லோலோன்னு அலையிறீங்க, செத்த குந்துங்க” என்கிறாள். குந்துவதாம்! உள்ளே பெங்களூரிலிருந்து வந்த விண்வெளி அதிகாரி தாசில்தாரோடு காப்பி குடிக்கிறார், மேசை மேல் சாக்கில் சுற்றிய அந்த உலோக உருண்டை, எவன் விட்ட ராக்கெட்டிலிருந்தோ கழன்று, எங்கள் பீங்கான் கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து, பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த இவளுடைய வலது கை மேல் விழுந்தது, ஊரில் வேறு இடமே இல்லையா அதற்கு? புதுச்சேரி டாக்டர் இன்னொரு ஆபரேஷன் செய்தால் விரல் மடங்கும் என்கிறார், அதற்கு நான் எங்கே போவேன், இன்றைக்கும் காலையில் இட்லியைப் பிட்டு நான்தான் ஊட்டினேன்.

வக்கீல் கோகுலகிருஷ்ணன் எவ்வளவு தெம்பாகச் சொன்னார், “தனக்கோடி, தரையில இருக்கிறவங்களுக்கு அடிபட்டா தப்பு யாரு மேலன்னு நாம நிரூபிக்கவே வேணாம், ராக்கெட்டு வுட்ட நாடு நஷ்டஈடு குடுத்தே ஆவணும், உலக நாடுங்க போட்ட ஒப்பந்தம் இருக்குது. எந்த நாடுன்னு தெரிஞ்சாப் போதும், ஒரு வருசத்துக்குள்ள நம்ம சர்க்காரு அவங்களைக் கேக்கணும்.” ஒன்பது மாதம் போய்விட்டது... எந்த நாடு என்பது அந்த எழுத்தில் இருந்தது, எழுத்து என் கையில் இருந்தது. அது விழுந்த அன்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுச் சாயந்திரம் கொட்டகைக்கு வந்தேன், சூளைக்குள் தள்ளும் டிராலியில் பொம்மை அடுக்கி முடித்திருந்தார்கள், சூளையைப் பற்றவைக்க நான்தான் வேண்டும், உருண்டை மூலையில் கிடந்தது. புது மண், புதுக் கல் எது வந்தாலும் ஒரு துண்டைச் சூளையில் வைத்துப் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும், உருகுமா, நிறம் மாறுமா என்று, அந்த உருண்டையையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். வெறும் பழக்கமா? பொய் சொல்வானேன், ஆத்திரம், அவள் கையை நசுக்கியதை உருக்கிப் பார்க்கிற வெறி. ஆயிரத்து இருநூறு டிகிரி! சூடு ஆறித் திறந்தால் சனியன் உருகவில்லை, முழுசாக உட்கார்ந்திருந்தது, மேலே பொருக்கு தட்டி, எழுத்து மட்டும் போயிருந்தது. மறுவாரம்தான் வக்கீல் எங்கள் ரெண்டு பேரையும் வைத்துக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார், விழுந்தது அந்த நாட்டுச் சொத்து, கேட்டால் திருப்பித் தர வேண்டும், யாரும் கைவைக்கக் கூடாது என்று. ஜெயிலா? அதோடு வாயை மூடினேன், அவரிடமும் சொல்லவில்லை, பூவாயியிடமும் சொல்லவில்லை, பார்க்கிறவர்கள் வானத்திலேயே கருகியது என்று நினைத்துக்கொள்ளட்டும்... இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், சொன்னால் வேறு வழியில் எந்த நாடென்று தேடுவார்களோ என்னவோ, தேடட்டும், நான் உள்ளே போனாலும் போகட்டும், அவள் விரல் மடங்கட்டும்.

கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனுஷர், அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார், உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “விழுந்தப்ப நீங்கதானம்மா பக்கத்துல இருந்தீங்க, மேல எழுத்து, நம்பர் எதுவும் இருந்துதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். நான் சார் என்று ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “இல்லீங்க சார். விழுறப்பவே கருகித்தான் கெடந்துது, எழுத்துமில்ல ஒண்ணுமில்ல.” அடிப்பாவி! அன்றைக்கு ரத்தம் வழிய வழிய, என்னமோ எழுதியிருக்குது பாருங்க என்று எனக்குக் காட்டியதே நீதானே... அதிகாரி எழுதுகிறார், பேனா ஓடுகிறது, இப்போதாவது சொல்லுடா தனக்கோடி, இப்போது... காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்கள், கையெழுத்துப் போடுகிற கை இல்லையே, இடது பெருவிரலை மையில் அமுக்கிப் பதித்தாள். வெளியே வந்ததும் அந்த மையை என் துண்டால் துடைத்துவிட்டேன், அவள் வெயிலைப் பார்த்தபடி நின்றாள், எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.