ஹேர்பின் லென்ஸ்

பழைய லேசர் லைட்டின் தலையைக் கழற்றினால் மிளகளவு லென்ஸ் கிடைக்கும். அதை ஹேர்பின்னில் செருகி, போன் கேமராமேல் டேப் போட்டு ஒட்டினால் மைக்ராஸ்கோப். ஹேர்பின் வீட்டில் இருந்தது. என் மனைவி கேத்தரின் இறந்து எட்டு மாதமாகியும் அலமாரியில் ஒரு டப்பா நிறைய.

எட்டாம் வகுப்பு, நுண்ணுயிரிகள் பாடம். தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அம்மா மண்டபத்துக் காவேரி வந்தது. காட்டூர் வாய்க்கால் வந்தது. ஸஹ்ரா பள்ளிக் குழாயிலேயே பிடித்து வந்தாள்.

"வீட்டுல மறந்துட்டேன் சார்."

இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு. ரப்பர் பேண்ட் போட்டு லென்ஸோடு கட்டினேன். திரையில் வெள்ளை நூல் போல ஒன்று நெளிந்தது. பிறகு மூன்று.

"காவேரியே தேவலை சார்."

வகுப்பு சிரித்தது. பிறகு அவரவர் பாட்டிலைப் பார்த்தார்கள்.

வீடியோ எடுத்துத் தாளாளர் ஜெயக்குமாரிடம் காட்டினேன். தொட்டியைக் கழுவச் சொல்வார் என்று நினைத்தேன்.

"பூச்சி எங்க சார் இல்ல? அழிச்சிடுங்க. வெளில போச்சுன்னா உங்களுக்கு இங்க வேலை இல்ல."

அவர் முன்னாலேயே அழித்தேன்.

கேத்தரினுக்கு மஞ்சள் காமாலை. வயிற்றில் ஏழு மாதம். தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர். அந்தக் கிருமி என் லென்ஸில் தெரியாது. தெரிந்ததையும் அழித்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஸ்மார்ட் போர்டில் ஆண்டுவிழாப் படங்களை ஓட்டும் வேலை எனக்கு. ஓட்டவில்லை. ஹேர்பின் லென்ஸ் ஒட்டிய போனைப் போர்டோடு இணைத்தேன். ஸஹ்ராவின் அம்மா வஹீதாவிடம், பள்ளிக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துத் தரச் சொன்னேன்.

முதல் சொட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை.

"என்ன சார் வித்தை காட்டறீங்க?" என்றார் ஜெயக்குமார். சிலர் சிரித்தார்கள்.

மூன்றாவதில் ஒரு வெள்ளை நூல் போர்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நெளிந்தது.

"யா அல்லாஹ்! இதையா புள்ளைங்க குடிக்குது?" என்றார் வஹீதா.

"அழிக்கச் சொன்னேனே!"

"அது அழிஞ்சிடுச்சு சார். இது இப்ப பிடிச்சது."

ஜெயக்குமார் சுவிட்சை அணைத்தார். போர்டு கறுத்தது. போன் அணையவில்லை. வஹீதாவிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டுப் பக்கத்தில் நீட்டினார்.

"நீங்க இன்னியோட கிளம்பலாம்."

"சரிங்க சார். தொட்டியத் திறந்து காட்டிட்டுக் கிளம்பறேன்."

"தொட்டி எங்கங்க இருக்கு?" பின்னால் ஒருவர் எழுந்தார்.

"மாடில."

பத்துப் பேர் எழுந்தார்கள். போன் மூன்றாம் வரிசைக்குப் போயிருந்தது.

"ஹேர்பின் கழண்டுடாம பிடிங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.