அஞ்சுவின் படத்துக்குக் கீழே ஒரு வரி

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்கலையில் ஃப்ளக்ஸ் கடை வைத்திருக்கும் முத்துநாயகம் என்னிடம் ஒரு வரி கேட்டார். நான் ஐந்து புத்தகம் எழுதியவள். ஊரில் இதுவரை யாரும் என்னிடம் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை. (குடியிருப்போர் சங்கத் தீர்மானம் கேட்டார்கள். அதைச் சேர்க்க வேண்டாம்.)

"அக்கா, நீங்க எழுதுக ஆளுல்லா. எனக்க மக அஞ்சுக்க படத்துக்குக் கீழ போடதுக்கு ஒரு வரி சொல்லுங்கோ. வாழ்த்து மாதிரி. படிச்சா மனசுல நிக்கணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கே தருகிறேன் என்றேன். அந்த வரி இன்னும் வரவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கதை வந்துகொண்டிருக்கிறது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

'பிளஸ் டூ முடிவு வந்த வாரம், தக்கலையின் ஒவ்வொரு முக்கிலும் அஞ்சுவின் தோழிகள் பலகைகளில் சிரித்துக்கொண்டு...' நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

'அஞ்சுவுக்குச் சுமாரான மதிப்பெண்தான். ஆனால் அவள் பென்சிலை எடுத்தால்...' அடித்துவிட்டேன். ஏன் என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவது, ஒரு கோட்டில் தொடங்குகிறது. அதையே வைத்துக்கொள்வோம்.

3

முத்துநாயகத்தின் கணினியில் ஒரு கோட்டு இருக்கிறது. நீலக் கோட்டு, சிவப்பு டை. முதலிடம் வந்த பிள்ளையின் படத்தைப் பள்ளிக்கூடம் அனுப்பினால், தலையை மட்டும் வெட்டி எடுத்து அந்தக் கோட்டின்மேல் வைப்பார். முகப்பருவைத் துடைப்பார். பின்னால் மஞ்சள் ஒளிக்கதிர், ஓரத்தில் பூ, கீழே பெரிய எழுத்தில் மதிப்பெண். பள்ளிக்கூடம் ஒரு பலகை, டியூஷன் சென்டர் ஒரு பலகை, தாய்மாமன் ஒரு பலகை என்று ஒரே பிள்ளை மூன்று இடத்தில் அதே கோட்டில் நிற்கும்.

யாராவது இறந்துபோனால் கண்ணீர் அஞ்சலிக்கும் அதே கோட்டுதான், அதே ஒளிக்கதிர்தான். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்காரர்கள் இப்படி முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பார்கள். சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?)

அஞ்சு சின்னப்பிள்ளையாகக் கடைக்கு வரும்போதெல்லாம், "மக்கா, ஒருநாள் நீயும் இந்தக் கோட்டு போடணும், என்னா?" என்பார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

இந்த மே மாதம் அஞ்சுவின் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷெர்லி கோட்டு போட்டாள். அஞ்சு அறுநூறுக்கு முந்நூற்று அறுபது சொச்சம் வாங்கியிருந்தாள். அழும்படியும் இல்லை, ஆடும்படியும் இல்லை. ஷெர்லியின் பலகையை அச்சடித்துக்கொண்டிருந்த முத்துநாயகம் போனில் மகளின் மதிப்பெண்ணைக் கேட்டார். "ஓ, செரி மக்கா" என்று மட்டும் சொன்னார்.

4

பிறகு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்கள். முத்துநாயகம், மனைவி பகவதி, அஞ்சு. அஞ்சுவுக்கு பி.காம் படிக்க வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

இதை எனக்குச் சொன்னது பகவதி. (நான் அங்கே இல்லை. ஆனால் நம்பினேன். முத்துநாயகம் என் புத்தக வெளியீட்டுக்குப் பலகை கொண்டுவந்தபோதுகூட, "எழுத்து கொஞ்சம் சின்னதாப் போச்சு, ஒண்ணும் நெனைக்காதீங்கோ" என்றுதான் உள்ளே நுழைந்தார். எழுத்து சரியாகத்தான் இருந்தது. வந்தவர்கள்தான் குறைவு.)

முதல் கல்லூரியில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலை நிமிர்வதற்குள் முத்துநாயகம் ஆரம்பித்துவிட்டார்: "மார்க்கு கொஞ்சம் கொறவுதான் சாரே. ஒண்ணும் நெனைக்காதீங்கோ. பிள்ள நல்ல பிள்ளையாக்கும்."

இரண்டாவது கல்லூரியில் அது கொஞ்சம் வளர்ந்தது: "நாங்கதான் கவனிக்காம விட்டுப்போட்டோம் சாரே."

மூன்றாவது, திருநெல்வேலிப் பக்கம். அங்கே போகும்போது பரீட்சை சமயத்தில் அஞ்சுவுக்குக் காய்ச்சலும் வந்திருந்தது. வராத காய்ச்சல். கவுண்டரில் இருந்த பெண் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "பி.காமுக்கு இது போதுமே சார், இதுல என்ன குறைச்சல்? இங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள். முத்துநாயகம் அதற்கும், "இல்ல மேடம், இருந்தாலும்..." என்று இழுத்தார்.

இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நாள். திரும்பும் வழியில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடிக்கும்போது அஞ்சு கேட்டாள்.

"அப்பா, யாராவது கேட்டாவளா?"

"என்னது மக்கா?"

"எனக்க மார்க்கு ஏன் கொறஞ்சுதுன்னு யாராவது கேட்டாவளா? நீங்களே போயிப் போயி சொல்லுகியோ. நான் என்ன களவா எடுத்தேன்?"

"ஏட்டி, மெல்லப் பேசு" என்றாள் பகவதி.

"மொத நாளு காலேஜுக்கு அம்மா மட்டும் வந்தாப் போரும். அப்பா வரண்டாம். அங்க வாட்ச்மேன்கிட்டயும் மன்னிப்புக் கேப்பாரு."

முத்துநாயகம் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

5

இந்த இடத்தில்தான் எனக்கு அஞ்சுமேல் சந்தேகம் வந்தது. ஒரு கதாபாத்திரமாக இவள் தேறுவாளா? இத்தனை ரோஷம் உள்ளவளுக்கு உள்ளே வேறு ஏதாவது இருக்க வேண்டாமா? அதனால் ஒரு வரைவில் அவளுக்குப் படம் வரையக் கொடுத்தேன். அடுத்ததில் மாவட்ட அளவில் ஓட வைத்தேன். இன்னொன்றில் தெருநாய்களுக்குச் சோறு போட்டாள். அதைப் படித்து நானே கண் கலங்கினேன். வெட்கக்கேடு.

அவள் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன். "ஒனக்கு வேற என்ன பிடிக்கும் மக்கா?"

அஞ்சு சிரித்தாள். "எல்லாரும் இதத்தான் கேக்கியோ அக்கா. வேற ஒண்ணும் இல்ல. போன் பாப்பேன். மீன்கறி பிடிக்கும். பி.காம் படிச்சு ஒரு வேலைக்குப் போணும். போராதா?"

போதும் என்றேன். வீட்டுக்கு வந்து ஓவியத்தையும் ஓட்டத்தையும் நாய்களையும் அடித்தேன். கவுண்டரில் முத்துநாயகம் செய்ததைத்தான் நான் உங்கள் முன்னால் செய்துகொண்டிருந்தேன். மார்க்கு குறைவுதான் வாசகரே, ஒன்றும் நினைக்காதீர்கள், பிள்ளை நன்றாக வரையும்.

6

இனி பலகை.

வடசேரியிலிருந்து வந்த பிறகு முத்துநாயகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளிடம் நேராகப் பேசத் தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தார். அஞ்சுவின் பாஸ்போர்ட் அளவுப் படத்தை எடுத்து, தலையை வெட்டி, கோட்டின்மேல் வைத்தார். ஒளிக்கதிர் வைத்தார், பூ வைத்தார். கீழே மதிப்பெண் போடவேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. மதிப்பெண்ணைப் போட மனசில்லை. போடாமல் விட்டார். மேலே 'எங்கள் அன்பு மகள் அஞ்சு' என்றும், அடியில் 'அப்பா, அம்மா மற்றும் உற்றார் உறவினர்கள்' என்றும் போட்டு, விடியற்காலையில் வீட்டுக்குப் பக்கத்து முக்கில் கட்டிவிட்டு, மகள் எழுந்து பார்க்கட்டும் என்று கடைக்குப் போய்விட்டார்.

அவளுக்கு முன்னால் மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த நேசபாய், அடுத்த வீட்டுக்காரி, அதைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். "எனக்க பொன்னு மக்களே, நேத்தும் கண்டேனே" என்று கதறிக்கொண்டே வீட்டு முற்றத்துக்கு வந்தாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தது அஞ்சு.

"நீ இருக்கியாட்டி?" என்று கேட்டுவிட்டு நேசபாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் இரண்டு ஆட்டோ வந்துவிட்டது. மார்த்தாண்டத்திலிருந்து சித்தி போனில் அழுதாள். யாரோ ரோஜா மாலையே வாங்கி வந்துவிட்டார்கள். (மாலையை நான் சேர்த்தேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. சேர்த்திருந்தால் சாமந்தி என்று எழுதியிருப்பேன்.)

அஞ்சு முக்குவரை நடந்துபோய்ப் பார்த்தாள். தன் தலை, ஷெர்லியின் கோட்டு. சத்தம் போடவில்லை. அப்பாவைப் போனில் கூப்பிட்டு, "அத அவுத்து எடுங்கோ" என்றாள்.

பலகை இப்போது வீட்டுக்குப் பின்னால் விறகின்மேல் கிடக்கிறது. மழைக்கு நல்லது. படம் இருக்கும் பக்கத்தை உள்ளே திருப்பிப் போட்டிருக்கிறார்.

7

இதற்கப்புறம்தான் அவர் என்னிடம் வரி கேட்டு வந்தது. கீழே ஒரு வரி இருந்திருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்களாம். புதிதாக ஒன்று அடித்துத் திரும்பவும் கட்டப்போகிறாராம்.

நான் எழுதிப்பார்த்தவை:

'மதிப்பெண் மட்டுமே வாழ்க்கை அல்ல.'

'நீ தொடும் உயரம் தாளில் இல்லை.'

'எங்களுக்கு நீயே முதல்...'

ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தேன். எல்லாமே அந்தக் கவுண்டர் வாக்கியம்தான், கொஞ்சம் நல்ல தமிழில். மதிப்பெண் மட்டுமே வாழ்க்கை அல்ல என்று ஷெர்லியின் படத்துக்குக் கீழே யாரும் எழுத மாட்டார்கள்.

கடைசியில் அஞ்சுவிடமே கேட்டேன். "அப்பா கவுண்டர்ல சொன்னதையே எழுதுங்கோ அக்கா. அதுதான அவருக்கு என்னப் பத்தித் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முத்துநாயகத்திடம் போய், பலகை வேண்டாம், நேராகப் பேசுங்கள் என்றேன். மகள் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அக்கா, கவுண்டர்ல இருக்கவன் ஏதாவது சொல்லுகதுக்கு முன்ன நான் சொல்லிட்டா, அவன் வாயால பிள்ள கேக்கண்டாம் பாத்தியளா. அதுக்காக்கும் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்துல சேரப் போனப்ப ஒருத்தரு எனக்க அப்பாக்க முன்னால வச்சு என்னப் பத்தி ஒரு வார்த்த சொன்னாரு. அது இப்பளும் கெடக்கு உள்ள. எனக்க பிள்ளைக்கு அது வரப்பிடாதுன்னு நெனச்சேன். கடசீல நானே அதச் சொல்லிப்போட்டேன். மூணு எடத்துல சொல்லிப்போட்டேன். மனசு கெடந்து வேவுது அக்கா."

இதை அஞ்சுவிடம் கொண்டுபோனேன். (கதாசிரியை இப்படிக் குறுக்கே நடக்கலாமா? நடந்துவிட்டேன்.) அவள் கையிலிருந்த போனை அணைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு, "திங்கக்கிழமை மொத நாளு அப்பா வரட்டு. ஆனா அங்க வாயத் தொறக்கப்பிடாது. யாருன்னு கேட்டா அப்பான்னு சொல்லட்டு. அதுக்குமேல ஒரு வார்த்த வந்தா நான் திரும்பி நடந்துருவேன், சொல்லிடுங்கோ" என்றாள்.

8

இன்று சனிக்கிழமை. காலையில் கடையில் ஒத்திகை பார்த்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் நான், கல்லூரி அலுவலகம். இந்தப் பக்கம் முத்துநாயகம், வெள்ளைச் சட்டையில்.

"நீங்க யாரு?"

"நான் அஞ்சுக்க அப்பா. மார்க்கு கொஞ்சம்..."

"நிறுத்துங்க. திரும்ப. நீங்க யாரு?"

"நான் அஞ்சுக்க அப்பா. பிள்ள நல்ல..."

"நல்ல பிள்ளைன்னும் சொல்லக்கூடாது முத்துநாயகம்."

"அதுகூடயா அக்கா?"

"அதுகூட."

பலமுறை பார்த்தோம். ஒருமுறைகூட அவரால் அப்பா என்பதோடு நிறுத்த முடியவில்லை. கடைசியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே உட்கார்ந்து அழுதார். மெஷின் யாருடைய பலகையையோ அடித்துக்கொண்டிருந்தது.

9

முடிவுகள்.

அ) திங்கட்கிழமை அவர் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். அஞ்சு அவர் கையைப் பிடிக்கிறாள். (கையைப் பிடிக்க மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்.)

ஆ) அவர் பேசிவிடுகிறார். அவள் சொன்னபடியே திரும்பி நடக்கிறாள். பகவதி நடுவில் நிற்கிறாள். (இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

இ) பயந்துபோய் வடசேரியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறார். அஞ்சு ஜன்னல் வழியாக... இல்லை. இது வேண்டாம்.

எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அது முடிந்திருக்கும், அவருக்கு உதவ என்னால் முடிந்திருக்காது. ஆனால் இந்தப் பக்கத்தில் அவர் இன்னும் கவுண்டருக்கு முன்னால்தான் நிற்கிறார். பக்கத்தில் அஞ்சு, நல்ல சுரிதார், தலையை நிமிர்த்தி. கவுண்டருக்குப் பின்னால் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். அந்த நாற்காலியை உங்களுக்கு விட்டுவிட்டு நான் எழுந்துவிட்டேன். மதிப்பெண் பட்டியலைப் பார்க்காதீர்கள். முகத்தில் இரக்கம் வேண்டாம்; அதைப் பார்த்தால் அவர் ஆரம்பித்துவிடுவார். அவர் சொன்னதும் உடனே, சட்டென்று, அவர் மூச்சு எடுப்பதற்குள், "சரி, உட்காருங்க" என்று சொல்லிவிடுங்கள். அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேளுங்கள்.

"நீங்க யாரு?"

"நான் அஞ்சுக்க அப்பா"