சைக்கிளில் கட்டிய மஞ்சள் தாள்

வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற சமயத்தில், குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் முற்றத்தில் நிற்கிற சைக்கிள்கள் அத்தனையிலும் ஒரு மஞ்சள் தாளைக் கட்டிவிட்டுப் போவார்கள். நல்ல சைக்கிள், ஓட்டைச் சைக்கிள் என்று பார்ப்பதில்லை. ஓட்டுகிறவன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏறிப் போக வேண்டியது. கெடு முடிந்த பிறகும் தாள் தொங்கினால் அந்தச் சைக்கிளுக்கு ஆளில்லை என்று அர்த்தம். லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். கோபன்ஹேகனில் வீடு மாறுவார்கள், வேலை மாறுவார்கள், பெண்டாட்டியையும் மாற்றுவார்கள். பழைய சைக்கிளை மட்டும் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இப்படித் தாள் கட்டாவிட்டால் முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

லிஸ்பெத் ஒவ்வொரு வருஷமும் இரண்டு தாள் கிழிப்பாள். தன் சைக்கிளில் கட்டியதை எல்லார் எதிரிலும் கிழிப்பாள். எகோனின் சைக்கிளில் கட்டியதைக் குப்பை கொட்டப் போகிற சாக்கில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிழித்து, கோட்டுப் பைக்குள் திணித்துக்கொள்வாள்.

எகோன் அவள் புருஷன். விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவன் போன அன்று முழங்கால் அளவு பனி கிடந்தது. ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவன், கதவைப் பிடித்தபடி, "சைக்கிள் கிடக்கட்டும். பனி கரைஞ்சதும் வந்து எடுத்துக்கிறேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் குரலை அவள் கேட்கவில்லை. ஊரின் வேறொரு பேட்டையான வால்பியில் யாரோ ஒருத்தியோடு இருக்கிறான் என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பனி கரைந்தது. அடுத்த வருஷம் விழுந்து அதுவும் கரைந்தது. சைக்கிள் நின்றது. சைக்கிள் நிற்கிறவரைக்கும் அவன் வருவதற்கு ஒரு காரணம் நிற்கிறது என்று லிஸ்பெத் நினைத்தாள். வந்தால் மேலே ஏறி வருவான். வந்தால் காபி குடிப்பான். அதற்கு மேல் நினைக்க மாட்டாள். நினைத்தால் அன்றைக்கு வேலை ஓடாது.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஆலையில். ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி இடது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போயிருந்தது. ஊரின் இந்தக் கோடியில் வீடு, அந்தக் கோடியில் ஆலை. எதிர்க்காற்றில் மிதித்து வீடு சேரும்போது கால் இரண்டும் தன்னுடையது இல்லை என்று தோன்றும். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடுப்படியில் இருந்து பம்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்குவாள். எகோனின் சைக்கிளுக்குக் காற்று அடிப்பாள். சங்கிலிக்கு எண்ணெய் விடுவாள். அதன் பூட்டுச் சாவி எகோனிடம். அதனால் பின் சக்கரத்தைக் கையால் தூக்கிப் பிடித்துத்தான் துடைக்க வேண்டும். போன இலையுதிர் காலத்தில் சீட்டு கிழிந்தபோது புதுத் தோல் சீட்டே வாங்கிப் போட்டாள்.

கீழ்வீட்டு இவோன் சிகரெட்டோடு படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பாள்.

"ஏன்டி லிஸ்பெத், உன் சைக்கிள் பின் டயரு சப்பையாக் கிடக்கு. நீ ஏறினா அது அழுவுது. அதுக்கு ரெண்டு அடி அடிக்கக் கூடாதா?"

"அடிப்பேன், அடிப்பேன்."

"ஓடுற சைக்கிளுக்குக் காத்து இல்ல, நிக்கிற சைக்கிளுக்குக் காத்து. நல்லாருக்குடி உன் நியாயம்."

"வித்துடலாம்னு பாக்குறேன். அதுக்குத்தான்."

"அஞ்சு வருஷமாவா விக்கிறே?" என்று இவோன் புகையை மூக்கால் விட்டாள். "எவன் வாங்குவான்னு எனக்குத் தெரியும். காசு குடுக்க மாட்டான் அவன்."

இந்த வருஷம் தாள் கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன் காலையில் லிஸ்பெத்துக்கு நேரமாகிவிட்டது. தன் சைக்கிளில் கட்டியிருந்ததைக்கூடக் கிழிக்காமல் ஏறிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, குப்பைப் பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். எகோனின் சைக்கிளில் தாள் இல்லை. கட்டிய கயிறு மட்டும் ஹேண்டில்பாரில் ஒரு முடிச்சாக நின்றது. கீழே மஞ்சளாக ஒரு துண்டு.

தாளை யார் கிழிப்பார்கள்? சைக்கிளுக்கு உரியவன்தான் கிழிப்பான். அடுத்தவன் சைக்கிள் தாளைத் தொட யாருக்கு என்ன தலையெழுத்து? பகலில் வந்திருக்கிறான். வாசல் மணியை அடித்துப் பார்த்திருப்பான், அவள் ஆலையில் இருந்திருப்பாள். திரும்ப வரப்போவதால்தானே சைக்கிளை விட்டுப் போயிருக்கிறான்!

கடைக்கு ஓடினாள். பன்றிக்கறி துண்டு துண்டாக வாங்கிவந்து மொறுமொறுவென்று வறுத்தாள். உருளைக்கிழங்கு வேகவைத்து, பாலும் மாவும் பார்ஸ்லித் தழையும் போட்ட வெள்ளைக் குழம்பு காய்ச்சினாள். எகோன் அந்தக் குழம்பைக் கிழங்கின் மேல் ஊற்றமாட்டான், கிழங்கைக் குழம்புக்குள் முக்குவான். முற்றத்தைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

வாசனை பிடித்துக்கொண்டு கீழேயிருந்து இவோன் கத்தினாள்: "என்னடி, ராஜா யாராவது சாப்பிட வர்றாரா?"

"வந்தா உனக்கென்ன?"

"எனக்கென்ன. எலும்பு மிஞ்சினா சொல்லு."

யாரும் வரவில்லை. பரவாயில்லை, அவனுக்கும் வேலை இருக்கும், நாளைக்கு வருவான் என்று சொல்லிக்கொண்டு தட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் சாலை நிறைய சைக்கிள். பாலத்தின் மேல் வரிசை நகர்ந்து நகர்ந்து போனது. பின் டயர் சப்பையாக இருந்ததால் ஒவ்வொரு மிதிக்கும் சேற்றில் போவதுபோல் இழுத்தது. அன்றைக்கு அது அவளுக்கு உறைக்கவில்லை. வீட்டுத் துவாலை வெளுத்தாயிற்றா, மேஜை விரிப்பில் கறை இருக்கிறதா என்றே ஓடிக்கொண்டிருந்த மனசோடு, நிற்கப்போகிறேன் என்று பின்னால் வருகிறவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டாமல் சட்டென்று சிக்னலில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆள் இடிக்காமல் தப்பித்தான்.

"கை என்ன பாட்டி, வீட்டுல வச்சிட்டு வந்துட்டீங்களா?"

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மன்னிச்சுக்கப்பா" என்றாள். பாட்டி என்றதுகூடக் குத்தவில்லை.

சாயங்காலம் முற்றத்துக்குள் நுழைந்தபோது எகோனின் சைக்கிள் நின்ற இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துத் தரை மட்டும் பாசி பிடிக்காமல் வெளிறிக் கிடந்தது.

அவளுக்கு முதலில் தோன்றியது சங்கத்துக்காரர்களைத்தான். நேராகப் போய் ஃப்ளெமிங் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஃப்ளெமிங் சங்கத்தின் தலைவர், ஆயுள் முழுக்க சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்ந்தவர். காலுறையோடு வந்து கதவைத் திறந்தார்.

"தாளைத்தான் கிழிச்சிருந்துச்சே! அப்புறம் எப்படித் தூக்குனீங்க?"

"யாரும்மா தூக்கினது? எதை?"

"எகோன் சைக்கிளை."

ஃப்ளெமிங் முகம் ஒரு மாதிரி ஆனது. "உள்ள வா, லிஸ்பெத்."

"உள்ள வர்றதுக்கில்ல. இங்கயே சொல்லுங்க."

"நாங்க தூக்கலம்மா. அவனே வந்து எடுத்துட்டுப் போயிட்டான். மத்தியானம்."

அவர் பேசிக்கொண்டே போனார். வாயை மூடினால் அவள் அழுதுவிடுவாளோ என்ற பயம்போல.

"அவன் ஓட்டிக்கிட்டிருந்த சைக்கிளை ஸ்டேஷன் வாசல்ல எவனோ திருடிட்டுப் போயிட்டான். போன வாரம் பாலத்துக்கிட்ட நடந்து வந்துக்கிட்டிருந்தான். நான் சிக்னல்ல நின்னேன். பழசு இன்னும் உங்க முற்றத்துல கிடக்கா, துருப்பிடிச்சுப் போயிருக்குமேன்னு கேட்டான். நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். துருவாவது ஒண்ணாவது, புதுசு மாதிரி நிக்குதுன்னுட்டேன்."

"நேத்து தாளைக் கிழிச்சது?"

"அதுவும் அவன்தான். சாவியை மறந்துட்டு வந்தான். நாங்க அள்ளிடுவோமோன்னு கிழிச்சுப் போட்டுட்டுப் போனான்."

"என் வீட்டு மணியை அடிச்சாரா?"

ஃப்ளெமிங் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"மேல பார்த்தாரா?"

"பார்த்தான். இன்னிக்கு அண்ணாந்து பார்த்தான்."

"என் ஜன்னலையா?"

ஃப்ளெமிங்குக்குப் பொய் வராது. "மழை வருமான்னு கேட்டான், லிஸ்பெத்."

அவள் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விஷயம் மட்டும் மண்டைக்குள் குடைந்தது. "டயர்ல காத்து?"

"கல்லு மாதிரி இருந்துச்சு. அழுத்திப் பார்த்துட்டு அவனே அசந்துட்டான். ஏறி உட்கார்ந்தான், போயிட்டான்."

காற்று இல்லாமல் இருந்திருந்தால் அவனுக்குப் பம்பு தேவைப்பட்டிருக்கும். எகோனின் பம்பு மேலே அவள் அடுப்படியில் இருக்கிறது. அதற்காகவாவது படி ஏறியிருப்பான், இல்லை வாசலிலாவது காத்திருந்திருப்பான். ஐந்து வருஷமாக அவன் வருவதற்கு வழி பண்ணுவதாக நினைத்து, வாசலோடு போவதற்கு வழி பண்ணி வைத்திருக்கிறாள்.

ஃப்ளெமிங் செருமினார். "இன்னொண்ணும் சொல்லிடுறேன், இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களேன்னு எனக்கு நன்றி சொன்னான். ஆறு பீரும் வாங்கிட்டு வந்து குடுத்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பரவாயில்லன்னேன்."

"பரவாயில்லையா!"

"நீதான் காத்தடிச்சேன்னு சொல்லணுமா? சொன்னா உனக்குக் கேவலமாயிடும்னு பார்த்தேன்."

"நான் காத்தடிக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முற்றத்துக்கு நாலு பக்கமும் ஜன்னலும்மா" என்றார் ஃப்ளெமிங், தரையைப் பார்த்துக்கொண்டு.

உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். "ரெண்டு நான் குடிச்சிட்டேன். மிச்சம் நாலு இருக்கு. நியாயமா இது உனக்குத்தான்."

வேண்டாம் என்று வீசிவிட்டுப் போவாள் என்று அவர் நினைத்திருப்பார். லிஸ்பெத் பையை வாங்கிக்கொண்டாள்.

"குடிச்ச பாட்டில் ரெண்டையும் குடுங்க."

"அது எதுக்கு?"

"கடையில போட்டா சில்லறை வரும். என் கூலிதானே, அதை ஏன் விடணும்?"

ஃப்ளெமிங் சிரிக்கலாமா என்று யோசித்தார், சிரிக்கவில்லை. காலி பாட்டில்கள் இரண்டையும் எடுத்துவந்து கொடுத்தார். அவள் படியில் கால் வைத்தபோது, "லிஸ்பெத், உன் சைக்கிள்ல தாள் இன்னும் தொங்குது. மறக்காம கிழிச்சிடு. ஆளில்லாததுன்னு லாரிக்காரன் தூக்கிடப் போறான்" என்றார்.

படியில் இவோன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தவள், லிஸ்பெத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, உட்கார இடம் விட்டு நகர்ந்தாள். இத்தனை வருஷ கேலியை விட அந்த நகர்தல்தான் லிஸ்பெத்தைச் சுட்டது. உட்காராமல் மேலே போனாள். நேற்றைய பன்றிக்கறி தட்டில் கொழுப்பு உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. நின்றபடியே கையால் எடுத்துத் தின்றாள். எல்லாவற்றையும் தின்றாள்.

காலையில் மழை. மழைக்கால்சட்டையை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தவள், தன் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. பம்பு மேலே இருந்தது. படியைப் பார்த்தாள். ஏறவில்லை. மஞ்சள் தாளையும் கிழிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.

பாலத்துச் சிக்னலுக்கு முன்னால் ஞாபகமாகக் கையைத் தூக்கிக் காட்டி நின்றாள். பக்கத்தில் வந்து நின்ற பெண் எட்டிப் பார்த்தாள்.

"உங்க சைக்கிள்ல தாள் தொங்குதுங்க."

"தெரியும்" என்றாள் லிஸ்பெத்.

"கிழிக்கலன்னா தூக்கிட்டுப் போயிடுவாங்களே."

"போகட்டும்."

பச்சை விழுந்தது. அந்தப் பெண் முந்திக்கொண்டு போனாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக மணி அடித்து இடது பக்கமாகத் தாண்டிப் போனார்கள். நனைந்த தாள் ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டு வந்தது. காற்று எதிரில் அடித்தது.