முன்வரிசையில் உட்கார்ந்த பாஸ்போர்ட்

நாடாளுமன்ற உறுப்பினர் கோர்சி டாமெட்டோவின் பாஸ்போர்ட், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, அவரில்லாமல் தனியாக அவேகோப்பே எல்லைச் சாவடியைக் கடந்து கானாவிலிருந்து டோகோவுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தது. போனதற்கும் வந்ததற்கும் சீல் குத்தியவர் டெலாலி. இருபத்தொன்பது வருடமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்மணி, ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி. தன் கையால் ஒரு பொய் முத்திரைகூட விழுந்ததில்லை என்பதைத் தவிர அவருக்கு வேறு கர்வம் கிடையாது. வெள்ளிக்கிழமை வரிசையில், மரவள்ளி மாவு மூட்டையோடு நின்ற ஒரு பெண்ணுக்கும் இரண்டு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவருக்கும் நடுவில் அந்த பாஸ்போர்ட் நின்றது. இடிக்கவில்லை, முந்தவில்லை, நான் யார் தெரியுமா என்று கேட்கவில்லை. முறை வந்ததும் மேசைமேல் ஏறி, படம் இருந்த பக்கத்தையும் பிறகு வெற்றுப் பக்கத்தையும் தானே திறந்து காட்டியது. தேதி காலாவதியாகவில்லை. டெலாலி குத்தினார். ஆட்டுக்காரர் மட்டும், சீக்கிரம் ஆகட்டும், வெயில் ஏறுகிறது என்று முணுமுணுத்தார்.

அவேகோப்பேக்காரர்களுக்கு பாஸ்போர்ட்டோடு பெரிய சகவாசம் இல்லை. சாவடிக்குப் பின்னால் மரவள்ளித் தோட்டத்து வழியாக ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்கள் அதில்தான் போய்வந்தார்கள். அது டெலாலிக்கும் தெரியும், எதிர்ப்பக்கத்துச் சாவடிக்காரனுக்கும் தெரியும். ஜன்னலுக்கு வருகிறவர்கள் வெளியூர்க்காரர்களும் பெரிய மனிதர்களும்தான். பெரிய மனிதர்களில் பலர் பாஸ்போர்ட்டை நீட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனில் பேசுவார்கள். அதனால் ஆளில்லாமல் வந்த பாஸ்போர்ட், டெலாலியின் அனுபவத்தில், அவ்வளவு பெரிய வித்தியாசமாகப் படவில்லை.

வில்லங்கம் தலைநகரில் ஆரம்பித்தது. அதே வெள்ளிக்கிழமை, எல்லைச் சந்தைகளை மூடும் மசோதா நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு வந்தது. ஆதரித்தால் கோர்சியைத் தொகுதியில் செருப்பால் அடிப்பார்கள், எதிர்த்தால் கட்சி வெளியே தள்ளும். எனவே கோர்சிக்கு மலேரியா வந்துவிட்டது. போனை அணைத்துவிட்டு மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மசோதா ஒரே ஓட்டில் தோற்றது. கட்சிக்காரர்கள் கொதித்துப்போய்த் துருவியதில், அவர் பாஸ்போர்ட்டில் இரண்டு முத்திரைகள் பளிச்சென்று இருந்தன. மலேரியாக்காரன் எல்லை தாண்டியிருக்கிறான், அங்கே எவனிடமோ விலை போயிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். கோர்சி அடித்துச் சத்தியம் செய்தார். அண்டை வீட்டுக்காரர்களும் அவர் பக்கம்தான். மூன்று வீடு தள்ளிக் கடை வைத்திருந்த தையல்காரர், வெள்ளி சாயங்காலம் அவருடைய குறட்டையில் தன்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று எழுதியே கொடுத்தார். ஆக, ஒன்று குறட்டை பொய், இல்லையென்றால் முத்திரை பொய். விசாரணைக்கு ஓய்வு பெற்ற நீதிபதி க்வார்ட்டே நியமிக்கப்பட்டார்.

முதலில் டெலாலியைத் தேடி வந்தவர் கோர்சியேதான். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஜன்னலில் குனிந்து குழைந்தார்.

"அக்கா, மை ரொம்ப மங்கலா இருக்கே. இது நான் குத்தினது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுபோச்சு."

"மங்கலா இருக்குன்னா ஆபீஸ்ல அஞ்சு மாசமா மை தரல, ஹானரபிள். குத்தினது நான்தான்."

"நான் வரவே இல்லையே, அக்கா."

"நீங்க வந்தீங்கன்னு நான் எங்க சொன்னேன்?"

மறுநாள் கட்சி வக்கீல் வந்தார். மூஞ்சியைப் பார்த்துத்தானே குத்துவீர்கள், அவர் மூஞ்சியைப் பார்த்தேன் என்று சொல்லுங்கள் போதும் என்றார். பார்த்தேனே, போட்டோவில் இருந்தது என்றார் டெலாலி. இரண்டு பேரும் கிளம்பும்போது ஒரே மாதிரி ஒரு பேச்சைப் போட்டுவிட்டுப் போனார்கள்: ஆளில்லாமல் சீல் குத்தியது நிரூபணமானால் வேலை போகும், ஓய்வூதியமும் சேர்ந்து போகும். டெலாலி பயந்துதான் போனார். பயமில்லை என்று சொன்னால் அது பொய். அன்று மதியம் தட்டில் போட்ட அக்பிளே களியை இரண்டு உருண்டைக்கு மேல் அவரால் விழுங்க முடியவில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான், அதற்கு இரண்டு விதமாக வாயைத் திறக்க அவருக்குத் தெரியவில்லை.

விசாரணை அவேகோப்பே பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. இடம் போதாமல் ஜன்னல்களிலும் தொற்றிக்கொண்டு நின்றார்கள். பாஸ்போர்ட் நீதிபதியின் மேசைமேல் அடக்கமாகக் கிடந்தது. க்வார்ட்டே கடலோரத்துக்காரர், எதற்கும் குரலை உயர்த்தாதவர்.

"தனியாவாம்மா வந்துச்சு?"

"தனியாத்தான் ஐயா. மேல ஒரு பழைய துணி சுத்தியிருந்துச்சு."

"எதுல வந்துச்சு?"

"ட்ரோட்ரோ வேன்ல. ஜன்னல் சீட்டு."

நீதிபதி எழுதிக்கொண்டார். கட்சி வக்கீல், இந்த அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார். கோர்சி, முத்திரையே போலி என்றார். அப்போது தோட்டத்துப் பாதை வழியாக, செருப்பெல்லாம் சேறாக, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெசான் வந்து சேர்ந்தான். கோர்சியின் பெரியம்மா யாவாவின் மகன். அவனைக் கண்டதும் கோர்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கம்மாதான் ஐயா இவன வளத்தது," என்றான் மெசான். "மூணு வயசுல தாயில்லாத பிள்ளையாப் போயிட்டான். முதுகுல கட்டிக்கிட்டு சந்தைல அபோலோ, அந்தச் சோள அப்பம், வித்தாங்க. இவன் மொதமொதல்ல வெளிநாடு போனப்ப, அம்மா தன் இடுப்புத்துணிய கிழிச்சு இவன் பாஸ்போர்ட்ட சுத்திக் குடுத்தாங்க. அம்மா செத்துப்போனாங்க. வெள்ளிக்கிழமை கண்விழிப்பு, சனிக்கிழமை அடக்கம், ஞாயித்துக்கிழமை நன்றிப் பூசை. மூணு நாளும் போன் போட்டோம். தம்பி வரல. பாஸ்போர்ட்தான் வந்துச்சு."

"வந்து என்ன செஞ்சுது?"

"பிள்ளைங்க உக்கார்ற முன்வரிசைல உக்காந்துச்சு. எந்திரின்னு சொல்ல எங்களுக்கு மனசு வரல. மண்ணு தள்றப்ப பக்கத்துலயே நின்னுச்சு. சாயங்காலம் அக்பாட்ஜா ஆட்டம்கூட ஆடுச்சு ஐயா."

அக்பாட்ஜாவில் முழங்கையை மடக்கித் தோள்பட்டையைப் பின்னால் விரித்து விரித்து மூட வேண்டும். பாஸ்போர்ட்டின் அட்டைக்கு அது கைவந்த கலைதான். மெசான் சொன்னதும் மேசைமேல் கிடந்தது லேசாக இரண்டு தடவை விரிந்து மூடிக் காட்டிவிட்டு அடங்கியது.

ஓட்டுப் போடாமல் ஓடியவனை அவேகோப்பே மன்னித்திருக்கும், விலை போயிருந்தாலும் ஒரு தேர்தலில் மறந்திருக்கும். வளர்த்தவளின் சாவுக்குப் போகாதவனை என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. முன்பெஞ்சிலிருந்த ஒரு பெண் எழுந்து, கோர்சிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். அடுத்தவளும் திரும்பினாள். கோர்சி எண்ணிப் பார்த்தார். எட்டு வரிசை, எல்லாம் அவர் தொகுதி ஓட்டுகள். திடீரென்று எழுந்து, "நான் போனேன். முத்திரை நெஜம். நான் அங்கதான் இருந்தேன்," என்றார்.

அதைக் கேட்டதும் கட்சி வக்கீல் துள்ளி எழுந்தார். போனவன் பெரியம்மா சாவுக்குப் போனான் என்றால், விலை போன கதை அங்கேயே செத்துவிடும். எனவே அவர், முத்திரை என்பது வெறும் மை, அதை வைத்து ஒருவர் பயணம் செய்ததாக எப்படிச் சொல்ல முடியும், குறட்டைக்குச் சாட்சி இருக்கிறதே என்று வாதாட ஆரம்பித்தார். காலையில் ஆளுக்கொன்றாக வைத்திருந்த வாதத்தை மதியம் இருவரும் மாற்றிக்கொண்டார்கள். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

க்வார்ட்டே டெலாலியைப் பார்த்தார். கோர்சியும் பார்த்தார். அக்கா, இப்போதாவது ஒரு வார்த்தை என்று அவர் கண் கெஞ்சியது. ஆமாம் என்றால் வேலை தப்பும், எம்.பி.யின் தயவும் கிடைக்கும். டெலாலி நீதிபதியைப் பார்த்தே சொன்னார்.

"போனது பாஸ்போர்ட்டு, ஐயா. இவரு வரல. காலைலயும் அதான் சொன்னேன்."

க்வார்ட்டேயின் தீர்ப்பு ஒன்றரைப் பக்கம். முத்திரைகள் உண்மையானவை. பயணமும் உண்மையானது. பயணம் செய்தது பாஸ்போர்ட். விதிப்புத்தகம் நீட்டப்பட்ட பாஸ்போர்ட்டில் குத்தச் சொல்கிறது, அது தன்னைத்தானே நீட்டக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. எனவே அதிகாரிமேல் குற்றமில்லை. உறுப்பினர் அன்று எங்குமே போகவில்லை. இந்தக் கடைசி வரியைப் பெண்கள் சந்தையில் ஒரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். டெலாலி ஓய்வு பெற்றார். இடத்துக்கு ஆள் கிடைக்காததால் அவரையே ஒப்பந்தத்தில் திரும்ப உட்கார வைத்தார்கள்.

யாவாவின் முதல் வருட நினைவு நாளன்று கோர்சி வெள்ளைத் துணி போர்த்தி, இரண்டு கேமராக்காரர்களோடு சாவடிக்கு வந்தார். பையைத் தடவினார், பாஸ்போர்ட் இல்லை. அது ஆறு மணிக்கே முதல் ஆளாக வந்து சீல் வாங்கிப் போய்விட்டது என்றார் டெலாலி. பாஸ்போர்ட் இல்லாமல் விட முடியாது. வேண்டுமானால் தோட்டத்துப் பாதையில் போகலாம், சாவு வீட்டுக்காரர்களை அங்கே யாரும் தடுப்பதில்லை.

"அந்தப் பாதை எங்க இருக்கு, அக்கா?"

"உங்க பெரியம்மா உங்கள முதுகுல கட்டிக்கிட்டுப் போன பாதைதான்."

கோர்சி தேடிப் போனார். ஒரு மணி நேரம் மரவள்ளிச் செடிகளுக்குள் சுற்றிவிட்டு, துணியெல்லாம் முள்ளாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். கேமராக்காரர்கள் வெயில் தாளாமல் கிளம்பிப் போனார்கள். அவர் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்து மேளச் சத்தத்தை சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு பாஸ்போர்ட் திரும்பி வந்தது. அட்டையெல்லாம் புழுதி. யாவாவின் துணியில் ஒரு இலைப் பொட்டலம் கட்டியிருந்தது. வரமுடியாதவர்களுக்குக் கொடுத்தனுப்பும் பங்கு, இரண்டு அபோலோ. கோர்சி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். அப்புறம் வெகுநேரம் அழுதார். யாரும் படம் எடுக்கவில்லை.

அழுது முடித்து ஜன்னலுக்கு வந்து, வெறும் கையை நீட்டினார்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு குத்துங்களேன்."

"நீங்க எங்கயும் போகலயே, ஹானரபிள். போகாததுக்கு சீல் கிடையாது."

டெலாலி பாஸ்போர்ட்டில் வருகை முத்திரையைக் குத்தி, தேதியைச் சரிபார்த்துக்கொண்டார். டிரைவர் வண்டியின் பின்கதவை அதற்காகத் திறந்துவிட்டான். பெரிய மனிதர்கள் உட்காரும் வலது மூலையில் அது ஏறி உட்கார்ந்தது. கோர்சி மிச்சம் இருந்த அபோலோவை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். டெலாலி வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.