நூற்று நாற்பத்து மூன்று பூனைக்குட்டிகள்

பக்கத்து வீட்டில் பாட்டு நின்றால் முதலில் தெரிவது எனக்குத்தான். ஒட்டுக்கேட்கும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் கனத்தில் சுவர் எழுப்பினானே, அவனைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வீட்டில் இருப்பது புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். அவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் மேலே போய்க் கீழே வருவது அவர் தயவில். அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள். கூப்பிடுகிற வழக்கத்தில் அவர் எனக்குத் தம்பி, அவள் எனக்குத் தங்கச்சி. அவர்கள் இருவருக்கும் நான் அக்கா. மூன்றாவதாக ஒருவன் உண்டு, அவளுடைய உடன்பிறந்த தம்பி. தின்பதெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாத உடம்பு, அதனால் குச்சி என்று பெயர். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது அவன் வேலை. சனிக்கிழமை மதியம் மழையோ வெயிலோ அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆஜராகிவிடுவான்.

மாமனும் மச்சானும் சேர்ந்து செய்ததுதான் அந்தப் பாட்டுப் பெட்டி. தடித்த புத்தகம் அளவில் கறுப்பாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வீட்டில் சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டாயிரம் பாட்டும் அதற்குள் போய்விட்டன. தையலறை, சமையலறை, படுக்கையறை என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பாட்டை அனுப்பும். வயர் எட்டிய இடம் செருப்பு அலமாரிதான் என்பதால் அதன் மேல்தட்டில் குடியேற்றிவிட்டார்கள். விலை உயர்ந்த பொருளைச் செருப்போடு வைக்கிற வீடு அது, நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

எந்த அறையில் என்ன பாட்டு ஓடுகிறது என்று காட்ட, கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிற ஒரு பக்கமும் குச்சி எழுதி வைத்தான். "இது என்ன பாட்டு?" என்று நான் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டதில் தங்கச்சி அலுத்துப்போய், வைஃபை பாஸ்வேர்டையே எனக்குக் கொடுத்துவிட்டாள். என் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று என் சமையல் மேடையில் எந்நேரமும் திறந்தே கிடக்கும். அதில் ஒரு சின்னப் படத்தை வைத்துக் கொடுத்தாள். இரண்டு தட்டுத் தட்டினால் பக்கம் திறக்கும்.

அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். தையலறையில் புல்லாங்குழல் என்றால் வேலை நேரத்துக்கு முடிகிறது. ஒரே பாட்டு நாலு முறை என்றால் அளவு தப்பிவிட்டது, பிரித்துத் தைக்கிறாள். சமையலறையில் அவர் பாட்டு, தையலறையில் அவள் பாட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் உரக்க ஓடினால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காய் நறுக்கும்போது ஒரு பார்வை, அடுப்பை அணைத்ததும் ஒரு பார்வை பார்ப்பேன். செய்தித்தாள் படிப்பவர்களை யாரும் குறை சொல்வதில்லை, என்னை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

இரண்டு மாதமாக அந்தப் பெட்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை திக்கியது. பிறகு மூன்று நாளைக்கு ஒரு தடவை. பிறகு தினமும் நாலு மணியானால் பாட்டு இழுத்துக்கொண்டு, பாதி வரியில் நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் பாடும்.

காலையில் அரை ஜிபி மெமரி பிடித்திருந்தது, மதியம் மூன்று ஆகிறது, நாலு மணிக்கு இருக்கிற எட்டையும் தின்று தீர்த்துவிடுகிறது என்றார் லிஃப்ட்காரர். எனக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"லிஃப்ட்டுல ஏறுறவங்க யாருமே இறங்காம இருந்தா எப்படிக்கா இருக்கும்? அப்படித்தான். ஏறுறது தெரியுது. யாரு இறங்க மாட்டேங்கிறாங்கன்னுதான் தெரியல."

அவர் பழுது பார்க்கும் விதமே தனி. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றைத்தான் மாற்றுவார். இரண்டை மாற்றிவிட்டு லிஃப்ட் ஓடினால் எதனால் ஓடியது என்று தெரியாமல் போய்விடுமாம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, மணிக்கு எத்தனை ஜிபி என்று எழுதிக்கொண்டே வந்தார். ஒரு நாள் பாதிப் பாட்டுகளை எடுத்துப் பார்த்தார். ஒரு நாள் பாட்டோடு வரும் அட்டைப்படங்களை நீக்கினார். ஒரு நாள் செருப்புத் தூசியைச் சந்தேகப்பட்டு, அலமாரி மொத்தத்தையும் கழுவிக் காயவைத்தார். பெட்டி நாலு மணிக்குச் சரியாகப் படுத்துக்கொண்டது. அலமாரி மட்டும் பளிச்சென்று ஆனது.

அப்படியே வரிசையில் வந்து, ஒரு திங்கட்கிழமை, அடுத்த பாட்டைத் தானாகத் தேர்ந்தெடுக்கக் குச்சி எழுதிச் சேர்த்திருந்த பகுதியைக் கழற்றினார். அன்றைக்குத்தான் நான் மகள் வீட்டுக்குப் போனேன். லேப்டாப் ஆமை மாதிரி நகர்கிறதே என்று அதையும் தூக்கிக்கொண்டு போனேன். மருமகன் எதையெதையோ தட்டி வேகமாக்கிக் கொடுத்தார்.

அந்த நாலு நாளும் பெட்டி சிணுங்கவே இல்லையாம். தாளில் வரிசையாக அரை, அரை, அரை. லிஃப்ட்காரருக்கு வேறென்ன வேண்டும்? வியாழக்கிழமை மச்சானுக்குப் போன் போட்டார். உன் எழுத்துதான் பெட்டியைக் கொன்றது என்று சொல்லியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆபீஸ்லயும் இந்த லட்சணத்துலதான் எழுதறியா? உன்னை நம்பி வெளிநாட்டுக்கு வேற அனுப்பறாங்க" என்றாராம்.

குச்சிக்கு வேலை மாற்றல் வந்திருந்தது. அந்த வாரம் விட்டு அடுத்த ஞாயிறு விமானம், திரும்பி வர மூன்று வருடம். அவன் "சரி மாமா" என்று வைத்துவிட்டான். சனிக்கிழமை வரவில்லை. தங்கச்சி மூன்று தட்டு வைத்து, ஒன்றைக் கழுவாமலே எடுத்து அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமையே நான் திரும்பியிருந்தேன். சனிக்கிழமை அவன் வராதது, ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று சொல்லிவிட்டது. ஆனால் என்ன என்று தெரியவில்லை, அதனால் பக்கத்தைக் கொஞ்சம் அடிக்கடி பார்க்க வேண்டியதாயிற்று. ஞாயிறு மாலை பாட்டு நின்றது. திங்கள் இரண்டு மணிக்கே நின்றது. புதன் பன்னிரண்டுக்கு.

லிஃப்ட்காரர் குழம்பிப்போனார். குற்றவாளியைக் கழற்றி வெளியே வைத்தாயிற்று, குற்றம் உள்ளே நடந்துகொண்டே இருக்கிறது. மச்சானிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதைவிட, மச்சான் வேறெதையோ செய்து வைத்திருக்கிறான் என்று தேடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. தங்கச்சி என்னிடம் வந்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"அவன் போறதுக்குள்ள இந்த வீட்டுல ஒரு வேளை சாப்பிடணும்க்கா. எனக்கு அவ்ளோதான் வேணும். பெட்டி எக்கேடு கெட்டா எனக்கென்ன?"

வியாழன் மதியம், வாங்கிய கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். லிஃப்ட்காரர் வேலைக்கு விடுப்புப் போட்டு, செருப்பு அலமாரி முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்திருந்தார்.

"எங்க போன் ரெண்டு, ஸ்பீக்கர் மூணு, எல்லாம் ஒவ்வொரு தடவை. பூனைக்குட்டின்னு ஒரு மிஷின் மட்டும் நூத்தி நாப்பத்தி மூணு தடவை உள்ள நிக்குது. யாருக்கா இது?"

எவனோ வேலை கெட்டவன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். முதல் திரையில், நான் எத்தனையோ வருடமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்த எழுத்து: பூனைக்குட்டி. மகள் கல்லூரிக் காலத்தில் வைத்த பெயர். உள்ளே போனால், பாட்டுப் பக்கத்தின் தலைப்பில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகக் கோடுகள். ஒரு பல்லைத் தொட்டேன், பக்கத்து வீட்டுப் பாட்டுப் பக்கம். அடுத்ததைத் தொட்டேன், அதே பக்கம். நான் ஒவ்வொரு முறை அந்தப் படத்தை இரண்டு தட்டுத் தட்டும்போதும் பழையது போகாமல் புதிதாக ஒன்று திறந்திருக்கிறது. திறந்த எல்லாமும் மூச்சு விடாமல் பெட்டியிடம் "இப்போது என்ன பாட்டு, இப்போது என்ன பாட்டு" என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கின்றன. மருமகன் அன்றைக்கு லேப்டாப்பை வேகமாக்கியதும் இவற்றையெல்லாம் மூடித்தான் என்று இப்போது புரிந்தது.

ஒவ்வொன்றாக மூடினேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பல்லும் போனதும் லேப்டாப்பை மடித்து, பீரோவில் போர்வைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இனி பெட்டி பாடும், அவர்கள் சமாதானம் ஆவார்கள், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ரீஸ்டார்ட் ஆன பெட்டி சாயங்காலம் ஆறு மணிவரை தேனாகப் பாடியது. ஆறரைக்குத் தங்கச்சி வந்தாள். கண் சிவந்திருந்தது. பூனைக்குட்டி குச்சிதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டாராம். பெட்டியை வெளியிலிருந்து திறக்க வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். திட்டிய கோபத்தில் உள்ளே வந்து வந்து பெட்டியைத் திணற அடித்திருக்கிறான். நேற்று "யாருடா பூனைக்குட்டி?" என்று அவனுக்கு மெசேஜ் போட்டாராம். பதில் இல்லை, ஆனால் அன்றைக்கே பூனைக்குட்டியும் மறைந்துவிட்டது. இதைவிடச் சாட்சி வேண்டுமா என்கிறாராம்.

"என் தம்பி அப்படிச் செய்வானாக்கா?"

மாட்டான் என்றேன். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். ஆறுதலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். விமானத்துக்கு ஒன்றரை நாள்தான் இருந்தது. எழுந்து போய்ப் போர்வைகளைத் தூக்கினேன்.

லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் போனபோது அவர் ஃபிரிட்ஜ் முன் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூனைக்குட்டி நான்தான் தம்பி" என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைக்கா பார்ப்பீங்க?"

"அஞ்சாறு."

அவர் தாளில் ஏதோ வகுத்தார். "நீங்க வந்தது வெள்ளிக்கிழமை. ஆறு நாள்ல நூத்தி நாப்பத்தி மூணு."

"வீட்டுல பிரச்சினைன்னா கொஞ்சம் கூடத்தான் பார்ப்பேன்" என்றேன்.

தங்கச்சி மெதுவாகத் திரும்பினாள். "நாங்க பேசிக்காத அன்னிக்கெல்லாம் கரெக்டா வந்து, என்ன தங்கச்சி முகம் வாடியிருக்குன்னு கேப்பீங்களே. அது இதானா?"

தரையில் ஒரு நூல் கண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட்காரருக்கு அதற்குள் வேலை வந்துவிட்டது. என் லேப்டாப்பில் பத்துப் பக்கம் திறந்தார், மெமரி ஏறியது. பத்தையும் மூடினார். ஏறுவது நின்றது, ஏறினது இறங்கவில்லை. மறுபடி பத்து, மறுபடி மூடல். ஒரு பிசகு இல்லாமல் அதே கதை. வந்தவர் போன பிறகும் அவருக்கான இடத்தைப் பெட்டி காலி செய்யவே இல்லை. ஆக, கோளாறு அந்தப் பக்கத்தில்தான். அந்தப் பக்கம் யார் எழுதியது? குச்சி.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தது. குற்றவாளி மச்சான்தான், ஆனால் அவர் சொன்ன குற்றம் அது இல்லை. வஞ்சம் வைத்தான் என்றது சுத்தப் பொய். இத்தனைக்கும் நடுவில் நான் வேறு. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று கணக்குப் புரியாமல் மூன்று பேரும் செருப்பு அலமாரியைச் சுற்றி நின்றோம். தங்கச்சிக்கு மட்டும் குழப்பமே இல்லை. எண்ணை அழுத்திவிட்டு, போனை அவர் கையில் திணித்தாள்.

"மச்சான்," என்றார். "நான் சொன்னது தப்பு. ஆபீஸ்ல நீ எப்படி எழுதறேன்னு கேட்டதும் தப்பு, பூனைக்குட்டின்னு கேட்டதும் தப்பு. நாளைக்குச் சாப்பிட வா. அப்புறம் நீ எழுதின பக்கத்துல கதவு ஒன்னு மூடமாட்டேங்குது, அதையும் வந்து பாரு."

சனிக்கிழமை குச்சி வந்தான். சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கமே இருந்தேன். மூன்று தட்டுச் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் பேசுவதும், ஒருத்தி அதட்டுவதும்.

மூன்று மணிக்கு என் கதவைத் தட்டியது குச்சிதான். வாயெல்லாம் பல்.

"சரி பண்ணிட்டேன்க்கா. ஆனா சோதிக்க ஆள் வேணும். எங்களால உங்க அளவுக்குப் பார்க்க முடியாது. எப்பவும் பார்க்கிற மாதிரியே பாருங்க, கூச்சப்படாதீங்க."

அவர்கள் கூடத்திலேயே உட்கார வைத்தார்கள். ஆறு மணிவரை தட்டித் தட்டித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். தங்கச்சி டீ கொடுத்தாள், முகத்தை மட்டும் தரவில்லை. லிஃப்ட்காரர் மணிக்கொரு முறை தாளில் எழுதினார். அரை, அரை, அரை.

ஞாயிற்றுக்கிழமை அவனை அனுப்பிவிட்டு வந்தார்கள். பெட்டி இன்றுவரை ஒரு நாளும் நிற்கவில்லை. பாஸ்வேர்டையும் மாற்றவில்லை, பக்கம் எனக்கு இன்னும் திறக்கிறது. ஆனால் அன்றிலிருந்து தையலறை, சமையலறை, படுக்கையறை மூன்றிலும் எந்நேரமும் ஒரே புல்லாங்குழல்தான் ஓடுகிறது. சண்டையா, சமாதானமா, வேலை முடிந்ததா, பிரித்துத் தைக்கிறாளா, எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.