பின் இருக்கையிலிருந்து தெரிந்த தோட்டம்

என் அண்ணன் காஸ்பாருக்குக் கணையத்தில் புற்றுநோய். திராட்சை அறுப்பு தொடங்குகிற நேரத்தில் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தென் பிரான்சில், காஓர் நகரத்து ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக் கிடந்தான். எங்கள் மேட்டுத் தோட்டத்துத் திராட்சையில் ஒரு கொத்தாவது அவன் வாயில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அப்போது எனக்கிருந்த வெறி.

"மேட்டுக்கெல்லாம் போகாதடி. இந்த வருஷம் புளிக்கும். கீழ ஆத்தோரத்துல பறிச்சுட்டு வா, போதும்."

"புளிச்சா நீ மூஞ்சியச் சுளிப்பே. அத நான் பாக்கவா போறேன்?"

அவன் சிரிக்கவில்லை. வலி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கண் தெரியாது. சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இருபத்தாறு வயதில் முழுக்கப் போனது. கடைசியாக நான் தெளிவாகப் பார்த்தது அந்த மேட்டைத்தான். அண்ணனும் நானும் அங்கே மால்பெக் என்கிற கறுப்புத் திராட்சைக் கன்றுகளை நட்டோம். கயிறு பிடித்து, வரிசை கோணாமல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துச் சொன்னவள் நான். அப்பா போனபின் நிலமெல்லாம் அவனுக்கு, டவுன் வீடு எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். "மேட்டுத் தோட்டத்துல மட்டும் கைய வெச்சுடாதே" என்று கேட்டிருந்தேன். சரி என்றான்.

டவுனில் நான் பிசியோதெரபிஸ்ட். வாரமெல்லாம் ஊரார் முதுகை அமுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு இரட்டை சைக்கிளில் கிளம்பிவிடுவேன். தார் ரோடு எங்களுக்கு ஆகாது. தடித்த டயர் போட்டு, சுண்ணாம்புக்கல் மேட்டின் சரளைப் பாதைகளில்தான் போவோம். முன்னால் அவன் ஓட்டுவான், பின்னால் நான் மிதிப்பேன். பள்ளம், கிளை, கியர் என்று சத்தம் போட்டபடியே அவன் சுற்றிலும் நடப்பதைச் சொல்லிக்கொண்டு வருவான். "அந்தப் பசு உன் கணக்கு டீச்சர் மாதிரியே மொறைக்குதுடி" என்பான். அந்த டீச்சரை நான் பார்த்திருக்கிறேன். உடனே பசுவும் தெரிந்துவிடும். அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற வரையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பாதையை மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். உடைசரளை என்றால் டயருக்குக் கீழே பொரியும். செம்மண் வந்தால் அடங்கிவிடும். எங்கள் தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெறும் பாறைப் பலகைகள் கிடக்கும், சீட் வழியாக மூன்று முறை தூக்கிப் போடும். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மூன்று தட்டும் நின்றுபோயின. கேட்டதற்கு, ஊராட்சியில் சரளை கொட்டிவிட்டார்கள் என்றான் அண்ணன். நல்ல பாதையைக் கெடுத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம். மேயர் இடுப்பு வலி என்று வந்தபோது அதைச் சொல்லிக்கொண்டே இரண்டு அமுக்கு கூடுதலாக அமுக்கினேன். மனுஷன் முனகினாரே தவிர, மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

தோட்டம் வந்ததும் அண்ணன் நிறுத்துவான். என் கையைப் பிடித்து இலையில் வைப்பான். பழுத்த காலத்தில் ஒரு கொத்தைக் கையில் தருவான். நான் தின்றுகொண்டே, "வரிசை நேரா இருக்கா?" என்பேன். "நீ பாத்து நட்டது கோணுமா?" என்பான்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஞாயிறு என்னை ஏற்றிக்கொண்டு போனவள் லூதிவீன். வடக்கே லில் நகரத்திலிருந்து இந்த வசந்தத்தில்தான் குடிவந்தாள், எங்கள் சைக்கிள் கிளப்பில் புதுசு. வாய் ஓயாது.

"அக்கா, எனக்கு இங்க வழி எதுவும் தெரியாது. உங்க அண்ணன் அஞ்சாறு வருஷம் முன்னாடி கிளப்புக்குப் போட்டுக் குடுத்த ரூட்டு போன்ல இருக்கு. அது சொல்றபடி போறேன். வழி தப்பினா அவரையே திட்டிக்குங்க."

"அதுக்கென்ன, பொறந்ததுல இருந்து அந்த வேலதான் பாக்கறேன்."

மேடேறினோம். சரளை பொரிந்தது, ஓக் மரங்களின் குளிர்ச்சி வந்து போனது. அப்புறம் சீட் தூக்கிப் போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்ட சரளையை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"நிறுத்து, நிறுத்து! வலது கைப் பக்கம் எங்க தோட்டம்."

இறங்கி, கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். இலை தட்டுப்படவில்லை. இன்னும் நடந்தேன்.

"அக்கா, எங்க போறீங்க? முள்ளு!"

"கொடி எங்கடி?"

"எந்தக் கொடி?"

"திராட்சைக் கொடி! கண்ண எங்க வெச்சிருக்கே? தப்பான எடத்துல நிறுத்திட்டு..."

"போன் இங்கதான் காட்டுது அக்கா. ஆனா இது தரிசு. கல்லும் முள்ளுமா கெடக்கு. ஓரத்துல வேர்க்கட்டைங்கள மலையாட்டம் குவிச்சு வெச்சிருக்காங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குவியலுக்குப் போனேன். ஒரு கட்டையை எடுத்துத் தடவினேன். திராட்சைக் கன்றை ஒட்டுக் கட்டிய இடத்து முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. அடுத்ததிலும் அதே முடிச்சு. கட்டையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது துக்கம்கூட இல்லை, வெட்கம். ஞாயிறுதோறும் இந்த வழியாகப் போகிற கிளப் ஆட்கள், மேயர், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இல்லாத தோட்டத்துக்கு வரிசை நேராக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வந்தவள் நான் ஒருத்திதான்.

கீழே ஒரு டிராக்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து ஆன்செல்ம் கிழவர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"மாய்லீஸ்! இந்தப் பக்கமா ஏம்மா வந்தே? நீங்க ரெண்டு பேரும் என் கீழ்ப் பாதையாத்தான வருவீங்க?"

கையிலிருந்த கட்டையை அவர் பக்கம் நீட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அடுத்தடுத்து ரெண்டு வசந்தமும் பனி மொட்டக் கருக்கிடுச்சு. ஒயின் வேற தொட்டியிலயே கெடந்துச்சு, வாங்க ஆளில்ல. கொடியப் புடுங்கினா உதவித் தொகைன்னு சர்க்கார் சொல்லுச்சு, காஸ்பார் என்ன பண்ணுவான்? புடுங்கற மெஷின் வந்த அன்னிக்கு என் வண்டியில ஏறி உக்காந்தவன், சாயங்காலம் வரைக்கும் எறங்கல. அப்புறமா வந்து, ஞாயித்துக்கிழமைக்கு உன் ஓர வரிசை எனக்கு வேணும்யான்னான்."

"நீங்களும் குடுத்தீங்க."

"குடுத்தேன். அந்த ஒரு வரிசைய மட்டும் அறுப்பு மெஷின் விடாம கையாலதான் அறுக்கறேன். எல்லாத்தையும் முன்னாடியே எடுத்துட்டா, நீ வரப்ப உன் கையில தர்றதுக்கு என்ன இருக்கும்?"

அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஒரு கொத்து வேண்டும் என்று கேட்டேன்.

மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொத்தை அண்ணன் கையில் வைத்தேன். ஒன்றே ஒன்று வாயில் போட்டான். ஆயுசு முழுக்க ஒயின் செய்தவன், அவன் நாக்கை ஏமாற்ற முடியாது.

"இது ஆன்செல்மோடது" என்றான். "எந்தப் பாதையில போனே?"

"நீ போட்ட பாதையிலதான். பழசுல."

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினேன். "என்னை முட்டாளாக்கிட்டியேண்ணா. ஊரே சிரிச்சிருக்குமே."

"யாரும் சிரிக்கலடி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"புடுங்கினது நான். அந்த எடத்த நான் ஒருத்தன் பாத்தா போதும்னு இருந்துட்டேன்."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இருபத்தைந்து வருஷமாக நான் பார்த்ததெல்லாம் இவன் சொன்னதுதான். "இன்னும் எதெது பொய்? ஆறு, பசு, எல்லாமா?"

"அது ஒண்ணுதான் மாய். மத்ததெல்லாம் அங்க இருந்துச்சு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

இருமினான். தண்ணீர் கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தேன். "சரி. இப்பச் சொல்லு. அங்க என்ன இருக்கு?"

நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "கல்லுடி. வெள்ளைக் கல்லு. மழை விட்டதும் பாத்தா, அம்மா புல்லுல விரிச்சுப் போட்ட படுக்கை விரிப்பு மாதிரியே கெடக்கும். நடுவுல ஒரு கம்பம் மட்டும் சாஞ்சு நிக்குது. கல்யாண வீட்டுல குடிச்சுட்டு சுவத்தத் தேடுவாரே நம்ம மாமா, அவரேதான். அத மட்டும் புடுங்க மனசு வரல."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. விரிப்பு தெரிந்தது. மாமா தெரிந்தார். தோட்டம் போனது அப்போதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்த வாரம் தாண்டவில்லை, அண்ணன் போய்விட்டான்.

இப்போது ஞாயிறுகளில் லூதிவீன்தான் முன்னால் ஓட்டுகிறாள். நல்ல பெண். இடது பக்கம் ஓக் மரம், வலது பக்கம் கல் சுவர், அதோ மூன்று பசுக்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் விடாமல் சொல்லிக்கொண்டு வருகிறாள். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. எனக்குத்தான் எதுவும் தெரிவதில்லை.