கீரைக்குப் போன தண்ணீர்

ஒரு மாதமாக என் மனைவி செல்வநாயகிக்கு நடுச்சாமத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. அவள் துடிக்க, நான் எழும்பி அவளது முழங்காலை நீட்டி, கால்விரல்களை அவள் பக்கமாக அழுத்திப் பிடிப்பேன். பிறகு நல்லெண்ணெய் சுடவைத்துத் தடவுவேன். இறுக்கம் விட்டதும் அவள் உறங்கிவிடுவாள். நான் கொட்டக்கொட்ட விழித்திருப்பேன்.

ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டாள்.

"விடியத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற ஆளுக்கு நித்திரை வேணும்," என்றாள்.

முப்பத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவள்! அவள் இல்லாத அறையில் எனக்குப் பொட்டு நித்திரையும் வரவில்லை. அதைச் சொல்ல வெட்கம். கால் சுகமானால் திரும்பி வருவாள் என்று சாவகச்சேரியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன்.

"சந்தையிலை வெயிலுக்குள்ளை இருக்கிற ஆள். தண்ணி காணாட்டியும் இப்பிடி இழுக்கும். நல்லாய்க் குடிக்கிறவவோ?" என்று அவர் கேட்டார்.

"ஓம் டொக்டர். நானே ஒவ்வொரு நாளும் பெரிய போத்தலிலை நிரப்பிக் குடுத்து விடுறன். வெறும் போத்தல்தான் திரும்பி வரும்," என்றேன் பெருமையாக. செல்வநாயகி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அது எனக்கு இடித்தது. மறுநாள் அவளுக்குச் சொல்லாமல் கொடிகாமம் சந்தைக்குப் போனேன். எங்கள் தோட்டத்துக் கீரையை அவள் அங்கேதான் விற்கிறாள். பத்து மணி வெயில். போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். மிச்சம் முழுவதையும் கீரைப்பிடிகளின் மேல் தெளித்தாள்.

"கீரைக்கோ இரவிலை கால் இழுக்குது?" சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "வாடினால் ஆர் வாங்குவினம்? நீங்கள் பாடுபட்டு வளர்த்தது," என்றாள் மெதுவாக.

நான் வெறும் போத்தலை வாங்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனேன்.

அன்றிலிருந்து கீரைக்கு ஈரச்சாக்கும் தனிப் போத்தலும். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கைப்பேசியில் அழைத்து, "குடிச்சனியோ?" என்பேன். "ஓம், ஓம். வயிறு குளமாய்ப் போச்சு," என்று அவள் எரிந்து விழுவாள். படுக்க முன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டும்படி டொக்டர் சொல்லியிருந்தார். அதையும் நின்று பார்த்துத்தான் விடுவேன்.

பத்தாம் நாள் இரவு பாயும் தலையணையுமாக அறை வாசலில் நின்றாள். நான் பதறி எழும்பினேன்.

"திரும்பவும் இழுக்குதோ?"

"இல்லை. ஒரு கிழமையாய் இழுக்கேல்லை."

"பிறகென்ன?"

"இழுத்தால்தான் உங்களிட்டை வரலாமோ?" என்றாள், பாயை விரித்தபடி.